மூச்சு விடும் இடம்

புல்லாங்குழல் மூச்சு வாங்கிய அதே இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான். முதல் தடவை அதை அவன் கவனிக்கவில்லை. அடுத்த தடவை கவனித்துவிட்டு, வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்கிற எவனுக்கும் இப்படித்தானே ஆகும், படத்தில் ஒருத்தன் தண்ணீருக்குள் முங்கினால் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லையா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதற்கடுத்த தடவை வேண்டுமென்றே, அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உதட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தான். அந்த இடம் வந்தது. ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று அந்தச் சின்ன உறிஞ்சல் கேட்டது. அவன் வாய் தானாகத் திறந்தது. நெஞ்சு அவனைக் கேட்காமலேயே மேலே ஏறியது.

"சரிதான், முத்திப்போச்சு" என்று முனகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். வேலை அப்படி. இரண்டு நாளாக ஒரே புல்லாங்குழலோடு மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது?

ஸ்டுடியோ வட்டாரத்தில் அவனை 'ஒரிஜினல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டு இல்லை, கிண்டல். அவன் செய்கிற வேலை ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பது. எங்கோ ஒரு பெரிய மண்டபத்தில் வாத்தியக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, பலமாக, நீளமாக, குட்டையாக வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, அதையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடைத்து விற்கிறார்கள். கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டால் அந்த மண்டபத்தில் என்றோ வாசித்த ஒருத்தரின் சுரம் இங்கே ஒலிக்கும். படங்களுக்குப் பின்னணி இசை அதில்தான் செய்வான். செய்து முடித்ததும், போட்டுக் காட்டிவிட்டு, பிள்ளை பெற்றவன் மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்துக் கேட்பான்: "ஒரிஜினல் மாதிரி இருக்கா?" அப்படி வந்த பேர் அது.

கட்டையைத் தொட்டால் சுரம் வரும். வாசிப்பு வராது. அதுதான் அந்த வேலையின் தலைவலி. நிஜ ஆள் ஒரே சுரத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசிக்க மாட்டான். பத்து வயலின்காரர்கள் சேர்ந்து தொடங்கினால் ஒருத்தர் மயிரிழை முந்துவார், ஒருத்தர் பிந்துவார். நீளமான சுரம் நிற்கும்போது அது சும்மா நிற்காது, ஏறும், தளும்பும், களைத்து இறங்கும். கம்ப்யூட்டருக்கு இந்தத் தடுமாற்றம் எதுவும் தெரியாது. அவன்தான் ஒவ்வொரு சுரமாகப் பிடித்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தாழ்த்தி, இடது கையால் சின்னச் சக்கரம் ஒன்றை உருட்டி உருட்டி ஏற்ற இறக்கம் கொடுப்பான். நாற்காலி கிரீச்சிடும் சத்தம், தாள் புரட்டும் சத்தம் எல்லாம் எடுத்து வைத்திருந்தான். பொய் சொல்வதில் அவ்வளவு நேர்மையான ஆளைப் பார்க்க முடியாது.

அறை சின்னது. வீடு கட்டியபோது தட்டுமுட்டுச் சாமான் போடுவதற்காக விட்ட இடம். ஜன்னல் கிடையாது. சுவரிலும் கூரையிலும் சாம்பல் நிற நுரைப் பலகைகள், தரையில் மட்கிய வாசனை அடிக்கும் கம்பளம், மேஜைக்கடியில் சூடான தூசி நாற்றத்தோடு முனகிக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர். கதவு ஒரு சாண் தடிமன், விளிம்பெல்லாம் ரப்பர், விட்டால் தன் கனத்தாலேயே மூடிக்கொள்ளும். அது 'தொப்'பென்று மூடியதும் தெருவின் ஹாரன், பக்கத்து வீட்டு டி.வி., பறவை, காற்று எல்லாம் ஒரே வெட்டில் அறுந்துபோய், காதுக்குள் சொந்த ரத்தம் ஓடுகிற இரைச்சல் மட்டும் மிஞ்சும். உள்ளே பகலும் ராத்திரியும் ஒன்றுதான். வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் வீடு தீப்பிடித்தாலும் கதவைத் தட்டக்கூடாது.

"ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து குடும்பம் நடத்துற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள் அவன் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். படிக்க வருகிறவர்கள் எல்லாரும் 'மாஸ்டர்' என்பார்கள், கேட்டுக் கேட்டு அவனுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திப் பழகியதால் வீட்டிலும் அவள் வாய் ஓயாது. அவளுடைய சத்தமும் அவனுடைய மௌனமும் சேர்ந்து அந்த வீட்டில் ஒரு கணக்கு சரியாக இருந்தது. இப்போது வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் தாண்டியிருக்கும்.

முந்தின நாள் டைரக்டர் ஃபோனில் சொன்ன வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"எல்லாம் பிரமாதம்ப்பா ஒரிஜினல். ஆனா அந்த ஃப்ளூட்டு… செத்தவன் வாசிக்கிற மாதிரி இருக்கு. உயிர் இல்ல. கொஞ்சம் உயிரைக் குடு."

"உயிரைக் குடுத்துத்தான் சார் பண்ணியிருக்கேன்."

"குடுத்திருப்ப. எனக்குக் கேக்கலையே. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாரு. இல்லன்னா விடு, நிஜ ஆளை வச்சு எடுத்துக்கறேன்."

நிஜ ஆள் என்ற சொல் அவனுக்குச் சுருக்கென்றது. இந்தப் படம் கைநழுவினால் திரும்பவும் சோப்பு விளம்பரத்துக்கு வயலின் போடப் போக வேண்டியதுதான். அதனால் அன்று காலையில் அவன் இதுவரைக்கும் செய்யாத ஒன்றைச் செய்தான். வாயில் வைத்து ஊதுகிற சின்னக் குழாய் ஒன்று அவனிடம் இருந்தது. கம்ப்யூட்டரோடு இணைத்து ஊதினால், ஊதுகிற வேகத்துக்கு ஏற்ப டிஸ்க்கில் பதிந்திருக்கிற அந்தச் சாம்பிள் சுரம் ஏறி இறங்கும். புல்லாங்குழல் வரி முழுவதையும் அதில் ஊதினான். அடிவயிற்றிலிருந்து, கண் இருட்டும்வரை ஊதினான். அதுவும் போதாது என்று மைக்கைத் திறந்து தன் மூச்சையே பதிவுசெய்தான். டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்த மூச்சுகளெல்லாம் ஒரே அச்சு. இது நிஜம். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, வெட்டி, வரிக்கும் வரிக்கும் நடுவிலிருந்த இடைவெளிகளில் ஒட்டினான். ஒரு ஆள் ஒரு மூச்சு வாங்கப் போதுமான அளவு மட்டும் விட்டு, இடைவெளிகளைக் கச்சிதமாகக் குறுக்கினான். பாரம் தாங்காமல் கம்ப்யூட்டர் திணறியதால், அந்தப் புல்லாங்குழல் ட்ராக்கை மட்டும் 'ஃப்ரீஸ்' செய்தான். அப்படிச் செய்தால் அது உறைந்து இறுகிவிடும், கம்ப்யூட்டருக்குப் பாரம் குறையும். திரும்ப இளக்க வேண்டுமென்றால் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் இளக்க முடியும்.

போட்டுக் கேட்டான். உடம்பு சிலிர்த்தது. உயிர் வந்திருந்தது.

அதைத்தான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து அனுப்பிவிடலாம் என்று ஸ்பேஸ் பாரைத் தட்டினான். பாட்டு பாதி வரியில் நின்றது. எழுந்து கதவை நோக்கி இரண்டெட்டு வைத்தபோது, ஏதோ ஒன்று வழக்கப்படி நடக்கவில்லை என்று தோன்றியது. என்னவென்று புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவன் மூச்சு விடவில்லை.

விட முயன்றான். வரவில்லை. உள்ளே இழுத்தான். எதுவும் அசையவில்லை. வலி இல்லை, அடைப்பு இல்லை, இருமல்கூட இல்லை. மூச்சு விடுவதற்கு எந்தத் தசையை அசைக்க வேண்டுமோ அது எது என்றே உடம்புக்கு மறந்துவிட்டது. வாயைப் பிளந்தான். நெஞ்சில் குத்திக்கொண்டான். சாம்பல் நிற நுரைச் சுவர் கண்ணுக்கு முன்னால் கறுத்துக்கொண்டே வந்தது. முழங்கால் மடங்கி மேஜைமேல் சரிந்தபோது கை ஸ்பேஸ் பாரில் பட்டது. பாட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. புல்லாங்குழல் ஊதியது. அவன் நெஞ்சிலிருந்து காற்று வெளியே போயிற்று. வரி முடிந்தது. 'ஸ்ஸ்'. காற்று உள்ளே வந்தது.

கம்பளத்தில் உட்கார்ந்து அழுதான். அழுகைகூட வரிக்குள்தான் வந்தது.

மாரடைப்பு என்று நினைத்தான். வாயுப்பிடிப்பு என்று நினைத்தான். பாட்டு ஓடும்போதே எழுந்து போய்விடலாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று கதவை இழுத்துத் திறந்து, மூடிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். வெளிக்காற்று முகத்தில் பட்டது. எங்கோ ஒரு சைக்கிள் மணி. பின்னால் அறையிலிருந்து புல்லாங்குழல் தெளிவாகவே கேட்டது. நடையில் ஒரு கால் வைத்தான். இடைவெளி வந்தது. கால்வாசி மூச்சுதான் கிடைத்தது. இன்னும் ஒரு அடி வைத்தான். அடுத்த இடைவெளியில் அதுவும் இல்லை. தடுமாறித் திரும்பி வந்து, ஸ்பீக்கரின் வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டு, மறுபடி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு போனான். சத்தம் தெருவரைக்கும் போயிற்று. மூச்சு நிலைப்படியைத் தாண்டவில்லை. அவன் உள்ளே வந்து விழுந்ததும் கதவு தன்பாட்டுக்கு மூடிக்கொண்டது.

சத்தத்தைக் குறைத்தான். அப்போதுதான் திரையைப் பார்த்தான். பாட்டு ஓடுகிற இடத்தைக் காட்டும் மெல்லிய கோடு வலப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பகுதிக்குப் போகப் போகிறது. கடைசிப் பகுதியில் அவன் புல்லாங்குழலுக்கு ஒரே சுரத்தை மிக நீளமாக நிறுத்தியிருந்தான். எந்த மனிதனாலும் ஊத முடியாத நீளம். 'அதுதான் சார் இதுல வசதி, கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது' என்று டைரக்டரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். கோடு அதை நெருங்கியது. மவுஸ் கைக்குள் வழுக்கியது. எப்படியோ நடுப்பகுதியைச் சுற்றி லூப் போட்டுவிட்டான். கோடு விளிம்புக்குப் போய், ஒரு கணம் தயங்கியதுபோல் தெரிந்து, பின்னால் குதித்தது. பழைய வரி திரும்ப ஆரம்பித்தது. இனி அது அங்கேயே சுற்றும். அவனும்.

இடைவெளியைப் பெரிதாக்கினால் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று தோன்றியது. சுரத்தின் வாலைப் பிடித்து இழுத்தான். நகரவில்லை. ட்ராக் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஃப்ரீஸ். இளக்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால்…

கையை மவுஸிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

ஃபோன் மேஜைமேல் அதிர்ந்தது. டைரக்டர். தாவி எடுத்தான். வரி ஓடிக்கொண்டிருந்தது, காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது, பேச முடிந்தது.

"சார்… எனக்கு மூச்சு…"

'ஸ்ஸ்'. வார்த்தை நின்றது. வாய் திறந்து காற்றை உறிஞ்சியது.

"அதேதான்!" என்றார் டைரக்டர். "பின்னாடி ஓடுது பாரு, கேக்குது. ஃபோன்லயே கேக்குதுய்யா அந்த மூச்சு! இப்பத்தான்யா உயிர் வந்திருக்கு."

"சார், யாரையாவது அனுப்…"

'ஸ்ஸ்'.

"நீயே அனுப்பு, ஒண்ணும் அவசரமில்ல. ஆனா ஒண்ணையும் தொடாத. அப்படியே இருக்கட்டும்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

விரல்களுக்கு மூச்சு வேண்டியதில்லை. மாஸ்டருக்கு மெசேஜ் அடித்தான். 'மூச்சு முட்டுது. உடனே வீட்டுக்கு வா.' அனுப்பிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. 'பாட்டை மட்டும் நிறுத்திடாதே' என்று அடுத்ததாக அனுப்பினான். வண்டியில் இருக்கும்போது அவள் ஃபோனைப் பார்க்க மாட்டாள். முதல் செய்தியைப் பார்த்தாள் என்பதற்கு அடையாளம் விழ வெகுநேரம் ஆனது. இரண்டாவது அவளிடம் போய்ச் சேரவே இல்லை.

காத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அறைக்குள் நேரம் இல்லை, வரிகள்தான் இருந்தன. சாம்பல் சுவர், சூடான தூசி, முனகல், அதன் மேலே புல்லாங்குழல், அதற்குக் கீழே அவன் ராத்திரி பகலாகச் சேர்த்துவைத்த வயலின்கள், அந்த வயலின்களுக்கு நடுவில் எங்கேயோ ஒரு நாற்காலி கிரீச்சிடும் சத்தம். எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். ஆனால் இப்போது, அசையாமல் உட்கார்ந்து கேட்கும்போது, அந்த மண்டபத்தில் என்றோ உட்கார்ந்து ஒரு சுரம் வாசித்துவிட்டு எழுந்து போன ஆட்களெல்லாம் உண்மையில் எழுந்து போகவே இல்லையோ என்று பட்டது. யாரும் வாசித்து முடிக்கவில்லை. யாரையும் போகச் சொல்லவில்லை. கட்டையைத் தொட்டபோதெல்லாம் வாசித்தார்கள், விட்டதும் அப்படியே நின்றார்கள். இத்தனை வருஷமாக அவன் அவர்களை எத்தனை தடவை பாதியில் நிறுத்தியிருப்பான்!

வரி. இடைவெளி. வரி. இடைவெளி.

பசித்தது. விழுங்கப் பயமாக இருந்தது. எச்சிலைக்கூடத் தாளம் பார்த்து விழுங்கினான்.

கதவு அதிர்ந்தது. வெளியே சிவப்பு விளக்கு எரிகிறது. இத்தனை வருஷத்தில் அது எரியும்போது அவள் கதவைத் தொட்டதில்லை. இப்போது ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். படியேறி ஓடிவந்ததில் முகம் சிவந்து, இரைத்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சாவி கையிலேயே இருந்தது. கதவு அவள் முதுகுக்குப் பின்னால் 'தொப்'பென்று மூடிக்கொண்டது.

"என்னங்க ஆச்சு? நெஞ்சு வலியா? மெசேஜைப் பாத்ததும் வண்டி கத்துக்க வந்த பொண்ணைப் பாதி ரோட்டுல எறக்கி விட்டுட்டு வரேன். வேர்த்துக் கொட்டுது பாருங்க. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஐயோ, மொதல்ல இந்தப் பாட்டை நிறுத்துங்களேன், மண்டையில குத்துது!"

மேஜைக்கு வந்துவிட்டாள். கை ஸ்பேஸ் பாரை நோக்கி நீண்டது. அவன் வாய் திறந்திருந்தது, ஆனால் அது இடைவெளி, காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது, குரல் இல்லை. இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வளையல் ஒன்று நெளிந்தது.

"நிறுத்தாத!" வரி தொடங்கியதும் கத்தினான். "நின்னா நான் செத்துருவேன் மாஸ்டர். நெசமா. தொடாத."

அவள் அவனைப் பார்த்தாள். பயந்தாள். ஆனால் கையை எடுத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான், வாய் எவ்வளவு பேசினாலும் அவன் ஒன்றைச் சொன்னால் நம்புவாள். அவனுக்கு அந்த நிமிஷம் அவள்மேல் பொங்கி வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. பக்கத்தில் மண்டியிட்டு, அவன் நெற்றி வேர்வையைத் துடைத்து, இன்னும் இரைத்துக்கொண்டே, "சரி, தொடல. இங்கேயேதான் இருக்கேன். பதறாதீங்க, ஃபோனைப் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட…" என்றாள்.

'ஸ்ஸ்'.

பேச்சு நின்றது. அவள் பேச்சு பாதியில் நின்று அவன் பார்த்ததே இல்லை.

அவள் முகத்துக்குப் பக்கத்தில், அவன் காலையில் தன் மூச்சைப் பிடிக்கத் திறந்து மூட மறந்த மைக்கின் பச்சை விளக்கு, அவளுடைய இரைப்புக்கு ஏற்பத் துள்ளித் துள்ளி எரிந்துகொண்டிருந்தது. இப்போது துள்ளவில்லை.

அவள் தொண்டையில் கை வைத்தாள். வரி தொடங்கியது. காற்று வெளியே போனது, அவனுக்கும், அவளுக்கும். "என்னங்க இது" என்றாள். "என்னங்க பண்ணுது எனக்கு?"

"வெளியே போ! ஓடு!"

ஓடினாள். கதவை இழுத்துத் திறந்து நடையில் பாய்ந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. ஏதோ விழுந்து உருண்டது. அவன் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்கி, அவளே திரும்பி வந்தாள். நிலைப்படிக்கு உள்ளே வந்து விழுந்தாள். கதவு மூடியது.

'ஸ்ஸ்'. அவள் நெஞ்சு ஏறியது. வண்ணான் துறையில் துணியை முறுக்கியதுபோல் ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

அவன் நெஞ்சு ஏறவில்லை.

வாயைத் திறந்தான். இழுத்தான். வரவில்லை. வரி தொடங்கிவிட்டது. உள்ளே இருந்த மிச்சக் காற்றும் வெளியே போயிற்று. அந்த வரி முழுக்க, ஒரு ஆள் ஒரு மூச்சு வாங்கப் போதுமான அந்த இடைவெளி திரும்ப வரும்வரை, விரலால் கம்பளத்தைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தான். வந்தது. அவன் இழுத்தான். கிடைத்தது. அவளைப் பார்த்தான். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஒரு இடைவெளியில் ஒருத்தருக்குத்தான் மூச்சு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறவள்.

அடுத்த இடைவெளியில் அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டான். முதலில் வேண்டுமென்றே முயன்றும் முடியாதது இப்போது முடிந்தது. அவள் வாங்கினாள். அதற்கடுத்ததில் அவள் மூடிக்கொண்டாள். தலையை அசைத்து, நீங்க, என்று ஜாடை காட்டினாள். அவன் வாங்கினான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எப்போது யார் என்று தப்பாமல் இருக்க, அவள் அவன் உள்ளங்கையை ஒவ்வொரு முறையும் ஒரு தட்டுத் தட்டினாள். நீங்க. நான். நீங்க. நான்.

மேஜைமேல் ஃபோன் அதிர்ந்து நின்றது. திரும்ப அதிர்ந்தது.

நீங்க. நான்.

வியர்வையில் கைகள் வழுக்கின. அவள் இமை சொருகிச் சொருகித் திறந்தது. அவன் காதுக்குள் இரைச்சல் ஏறி, தட்டு எப்போது விழுந்தது, விழுந்ததா இல்லையா, இது தன்னுடையதா அவளுடையதா என்று புத்தி தடுமாறியது. வரி மெல்ல ஏறியது. தளும்பியது. களைத்து இறங்கியது. உள்ளங்கையில் ஏதோ பட்டது, தட்டா நடுக்கமா தெரியவில்லை.

இடைவெளி.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள்.

ஸ்பீக்கரில் அந்தச் சின்ன உறிஞ்சல் கேட்டது. இருவர் நெஞ்சும் அசையவில்லை. திறந்த வாயோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவே புல்லாங்குழல் அடுத்த வரியைத் தொடங்கியது.